மணலூர்பேட்டையில் ஒரு கடல்

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் விலங்கியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் போன் செய்து, "என்ன தலைப்புப்பா?" என்று கேட்டார். "வீட்டில் பவளப்பாறைத் தொட்டி அமைப்பதும் பராமரிப்பதும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "மணலூர்பேட்டையிலயா?" என்றார். (சிரிப்பு)

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊருக்குத் தென்பெண்ணை ஆறு உண்டு. தை மாதம் ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் ஊர் ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் பெருமை உண்டு. கரும்பு உண்டு, நெல் உண்டு. கடல் மட்டும் கிடையாது. நான் அறிவியல் ஆசிரியராக இருந்த காலத்தில், கடலையே பார்க்காத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். அந்த ஊரில் என் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்துக்கு ஒரு கடல் இருக்கிறது. அது எப்படி வந்தது, அதற்காக நான் செய்த தப்புகள் என்ன, அது எனக்குக் கற்றுக் கொடுத்தது என்ன என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தக் கதை நம் கல்லூரியில்தான் ஆரம்பிக்கிறது. 1983 ஜனவரியில் எங்கள் வகுப்பு மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் கல்விச் சுற்றுலா போனது. அப்போது பாம்பனில் சாலைப் பாலம் கிடையாது. ரயிலில்தான் கடலைத் தாண்டினோம். கரையோரக் கடைகளில் சங்கு, சோழி இவற்றோடு வெள்ளை வெளேரென்று பவளக் கல்லும் குவித்து வைத்திருந்தார்கள். ஆளுக்கொன்று வாங்கினோம். என்னுடையது காலிபிளவர் பூ மாதிரி இருந்தது. விலை ஐந்து ரூபாய். திரும்பும்போது ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு, "டேய், கல்லு வாங்கினதா நெனச்சிட்டு இருக்கே. நீ ஒரு ஊரையே வாங்கிட்டு வர்றே. குடியிருந்தவங்க எல்லாம் செத்துப்போன ஊரு" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது எத்தனை சரி என்று பிறகுதான் புரிந்தது. பவளம் கல்லும் அல்ல, செடியும் அல்ல. அது விலங்கு. கடல் சாமந்திக்கும் சொறி மீனுக்கும் உறவு. நெல்மணி அளவே உள்ள ஆயிரக்கணக்கான உயிர்கள், பாலிப் என்று பெயர், பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக் கொள்கின்றன. அந்த உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று வாடகைக்குக் குடியிருக்கிறது. அது வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது. பவளம் அதற்கு இடமும் உரமும் கொடுக்கிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு அந்தப் பாசியின் நிறம்தான். கோடையில் கடல் வழக்கமாகத் தொடும் சூட்டுக்கு மேல் ஒன்றிரண்டு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பாசி வெளியேறிவிடுகிறது, பவளம் வெளுத்துவிடுகிறது. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் பட்டினியால் சாகும். உருண்டைப் பவளங்கள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. என் மடியில் இருந்த காலிபிளவர் எத்தனை வருஷத்து உழைப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

மன்னார் வளைகுடாவில் இந்தப் பவளம் பல காலம் வெறும் கல்லாகத்தான் மதிக்கப்பட்டது. தூத்துக்குடிப் பக்கம் அதைப் படகு படகாக வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் அனுப்பினார்கள். மீனவர்கள் 'பார்' என்று சொல்கிற அந்தப் பாறைத் திட்டுதான் அலையின் வேகத்தைத் தடுத்துத் தீவுகளைக் காத்தது. பாரை வெட்டினார்கள், தீவு கரைந்தது. அங்கே இருந்த 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் இன்று நீருக்குள்ளே போய்விட்டன. 1986-ல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். நாங்கள் கல் வாங்கியது அதற்கெல்லாம் முந்தி என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கல் என் ஷோகேஸில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது என்பதும் உண்மைதான்.

பள்ளிக்கூடத்தில் குழியுடலிகள் பாடம் வரும்போதெல்லாம் அதை எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வைப்பேன். 2016-ல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது உயிரோட இருந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் திறந்தேன். எனக்கே தெரியவில்லை. நானும் உயிரோடு பார்த்ததில்லை! முப்பது வருஷமாக ஒரு எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டு "இதுதான் பவளம்" என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று ராத்திரி வீட்டம்மாவிடம், "கூடத்துல ஒரு தொட்டி வைக்கப் போறேன்" என்றேன். "மீன்தானே, வச்சிக்கோங்க" என்றார். மீன் மட்டும் இல்லை, கடலையே கொண்டுவரப் போகிறேன் என்பதை அப்போது சொல்லவில்லை.

கடலுக்கு வெகு தூரத்தில் கடலை வளர்க்கும் பைத்தியம் எனக்கு முன்னாலும் சிலருக்கு இருந்திருக்கிறது என்பது ஒரு ஆறுதல். 1846-ல் இங்கிலாந்தில் அன்னா தின் என்ற அம்மையார், டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவளங்களை லண்டனுக்குக் கொண்டு வந்தார். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி, அந்தக் கடல் நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றச் சொல்லிக் காற்றேற்றினார். நம் ஊர் டீ மாஸ்டர் டீ ஆற்றுவது மாதிரி! நம் சென்னை மெரினாவில் 1909-லேயே கடல்மீன் காட்சியகம் திறந்தார்கள். 1961-ல் இந்தோனேஷியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து உயிர் ஒட்டிய பாறைகளை எடுத்து வந்து போட்டு, சின்னக் காற்றுக்குழாய் ஒன்றை மட்டும் வைத்துத் தொட்டியைத் தெளிவாக வைத்திருக்கலாம் என்று எழுதிக் காட்டினார். பாறையில் ஒட்டியுள்ள நுண்ணுயிர்களே தோட்டி வேலை பார்த்துவிடும் என்பதுதான் சூட்சுமம். இன்றைய பவளத் தொட்டிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இனி நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

தொட்டி வைத்த அடுத்த வருஷம், 2018 பிப்ரவரியில், ஒரு பெருநகரக் கடையில் கைவிரல் நீளத்துக்குப் பச்சை நிறத்தில் உயிர்ப் பவளம் ஒன்று வாங்கினேன். உயிர்ப்பாறை என்று சொல்லிக் கொஞ்சம் கல்லும் கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்தால் பாலிப்புகள் கையை நீட்டி இரை தேடும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அப்போது பிளஸ் ஒன். கூப்பிட்டுக் காட்டினேன். பிரமித்துப் போனாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

மே மாதம் வந்தது. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பினேன். தொட்டியில் சூடு 32 டிகிரி. நான் வைத்திருந்தது 26. ஒரு வாரத்தில் பவளம் வெளுத்தது. இன்னும் இரண்டு வாரத்தில் செத்தது. ஷோகேஸில் இருந்ததும் தொட்டியில் இருந்ததும் ஒரே நிறம் ஆயின. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன என்று செய்தியில் படித்திருந்தேன். அது என்ன என்பதை என் கூடத்திலேயே, என் கண்ணாலேயே பார்த்தேன்.

காரணம் தேடிப் படித்தபோதுதான் சட்டமும் கண்ணில் பட்டது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 ஜூலையில் பாறை கட்டும் பவளங்கள் அத்தனையையும் சேர்த்திருக்கிறார்கள். கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. கடல்குதிரையையும் கடலட்டையையும்கூட அந்த வருஷம்தான் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் எந்த அட்டவணையோ அதே அட்டவணை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளை மாற்றி எழுதியபோதும் பவளம் முதல் அட்டவணையில்தான் இருக்கிறது. மீறினால் மூன்று வருஷம் முதல் ஏழு வருஷம் வரை சிறை. உயிரோடு இருந்தாலும் எலும்புக்கூடாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். அதாவது ஊரில் நாலு பேர் மதிக்கும் வாத்தியாராகிய நான், வீட்டுக் கூடத்தில் புலித்தோலை மாட்டி வைத்தவனுக்குச் சமம்!

ஷோகேஸ் பவளத்தையும் தொட்டியில் கிடந்த கற்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வனத்துறை அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மடி காலியாக இருந்தது. 1983-ல் ரயிலில் எங்கள் பேராசிரியர் சொன்னது காதில் கேட்டுக் கொண்டே இருந்தது.

தொட்டியை மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டம்மாதான், "அந்தப் புள்ளைங்கள வரச்சொல்லிப் பழக்கிட்டு இப்ப மூடினா எப்படி? தப்பு இல்லாத மாதிரி வைக்க முடியாதா?" என்று கேட்டார். முடியும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். குறிப்பெடுப்பவர்கள் எடுத்துக் கொள்ளலாம்.

முதலில் தொட்டி. சின்னதாக இருந்தால் சுலபம் என்று எல்லோரும் நினைப்போம். நேர்மாறு. நீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று மாறிவிடும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு அது சரியான அளவு. கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து 250 கிலோவுக்கு மேல் எடை வரும். மர ஸ்டூலில் வைக்காதீர்கள். நான் இரண்டரை அடி உயரத்தில் இரும்பு ஸ்டாண்டு அடித்தேன். அந்த உயரம் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீர் குடிக்கவே கொஞ்சம் கரிக்கும். அதை ஆர்.ஓ. வழியாக விட்டு, அதன்பின் அயனி நீக்கும் ரெசின் வழியாகவும் விட்டு, டி.டி.எஸ். கருவியில் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும் வரை சுத்தம் செய்ய வேண்டும். ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீர் எங்கள் தென்னை மரத்துக்குப் போகிறது. சுத்த நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். சமையல் உப்பு ஆகாது. அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு ஒன்றுதான். கடலில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று எத்தனையோ இருக்கின்றன. லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. அடர்த்தி மானியில் 1.025 வர வேண்டும். ஒரு எச்சரிக்கை. செம்பு, பித்தளைப் பாத்திரம் எதையும் பக்கத்தில் கொண்டு வராதீர்கள். செம்பு சிறிதளவு கரைந்தாலும் இறாலும் நத்தையும் செத்துவிடும். வீட்டுப் பித்தளை அண்டாவில் உப்பு கரைக்கப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மூன்றாவது பாறை. கடல் பாறை கூடாது என்று ஆகிவிட்டது. பக்கத்துத் தெரு கொத்தனாரைக் கூப்பிட்டு, சிமெண்டோடு கல்லுப்பை நிறையக் கலந்து உருண்டை உருண்டையாகப் பிடிக்கச் சொன்னேன். "சார், உப்பு போட்டா பில்டிங் நிக்காது" என்றார். நிற்க வேண்டியதில்லை, ஓட்டை விழ வேண்டும் என்றேன். காய்ந்தபின் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, பாறை முழுக்கத் துளை விழுந்துவிடும். அந்தத் துளைகள்தான் நுண்ணுயிர்களுக்கு வீடு. சிமெண்டின் காரம் போக இரண்டு மாதம் நீரை மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். ஆறே மாதத்தில் அதன்மேல் பாசி படர்ந்தது. ஒரு வருஷம் கழித்து, கத்தரிப்பூ நிறத்தில் சுண்ணாம்புப் பாசி பொருக்காகப் பிடித்தது. இன்றைக்கு யார் வந்து பார்த்தாலும் கொத்தனார் கைவேலை என்று நம்புவதில்லை.

நான்காவது பொறுமை. இதற்குக் கடை கிடையாது. பாலை உறை ஊற்றிவிட்டு அரை மணிக்கொரு தரம் கிளறிப் பார்த்தால் தயிராகுமா? தொட்டியும் அப்படித்தான். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அதில் அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த இரண்டு வகையும் பாறையில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகிற வரை ஒரு மீனைக்கூட விடக்கூடாது. வெறும் தண்ணீருக்கு ஒன்றரை மாதம் லைட் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்த என்னைப் பற்றித் தெருவில் என்ன பேசினார்கள் என்பது இங்கே வேண்டாம்.

ஐந்தாவது உயிர்கள். கடலில் பிடித்த மீன் வேண்டாம், பண்ணையில் குஞ்சு பொரித்த மீன் போதும் என்று முடிவு செய்தேன். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. பண்ணை மீன் ஒரு ஜோடி வாங்கி விட்டேன். இந்த மீனில் ஒரு வேடிக்கை. எல்லாம் முதலில் ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெண்ணாக மாறிவிடும். அந்தப் பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாகும். என் வீட்டில் யார் பெரியவர் என்பதில் சந்தேகமே இல்லாததால் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. (சிரிப்பு)

மென்பவளம் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதில் சில வகைகளின் பெயர் அட்டவணையில் இல்லை. ஆனாலும் தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. எங்கே, யாரால் வளர்க்கப்பட்டது என்று காகிதத்தில் காட்ட முடியாத எதையும் நான் வாங்குவதில்லை. நீங்களும் வாங்காதீர்கள். வெளிநாடுகளில் பவளம் வைப்பவர்கள் பலர், வளர்ந்த பவளத்திலிருந்து ஒரு துண்டு ஒடித்து நட்டுப் பெருக்குகிறார்கள். முருங்கைப் போத்து நடுவது மாதிரி. அவர்கள் கால்சியத்தை 400 முதல் 450 பி.பி.எம். வரை வைத்து, காரத்தன்மையையும் மக்னீசியத்தையும் வாராவாரம் சோதிக்க வேண்டியிருக்கிறது. இதே போத்து நடும் வேலையைத் தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், 2002 முதல் கடலுக்குள்ளேயே கான்கிரீட் பலகைகளின் மேல் செய்து வருகிறார்கள். பவளம் இருக்க வேண்டிய இடத்தில் பவளம் நடுகிறார்கள். தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கும் வேலையும் 2015-க்குப் பிறகு நடந்திருக்கிறது. கடலில் இறங்க ஆசையுள்ள மாணவர்கள் இந்தத் துறைக்குப் போங்கள். வேலை நிறைய இருக்கிறது.

பராமரிப்பு என்பது தினமும் பத்து நிமிஷம்தான். ஆனால் தினமும். காலையில் சூடு பார்க்க வேண்டும், 25-லிருந்து 27-க்குள். வெயில் காலத்தில் நீர்ப்பரப்பின் மேல் இரண்டு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தத்துவம்தான். அதனால் நீர் ஆவியாகும். கோடையில் தினம் மூன்று லிட்டர் வரை குறையும். குறைந்ததற்கு ஈடாக உப்பு நீர் ஊற்றக்கூடாது, நல்ல நீர்தான் ஊற்ற வேண்டும். இது தெரியாமல் முதல் மாதம் உப்பு நீரையே ஊற்றி ஊற்றித் தொட்டியைச் சாக்கடலாக்கி வைத்திருந்தேன். வீட்டம்மா கேட்டார், "கொழம்பு சுண்டிப் போனா தண்ணி ஊத்துவீங்களா, உப்பு போடுவீங்களா?" பி.எஸ்ஸி. படித்தவன் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டுப் புது உப்பு நீர் விட வேண்டும். நுரை பிரிக்கும் கருவியின் கோப்பையைக் கழுவ வேண்டும். இரை ஒரு சிட்டிகை. மீன் பட்டினியால் சாவதைவிட நம் அன்பால் சாவதுதான் அதிகம்.

இப்போது அந்த ஸ்டாண்டு உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன்பின் கொட்டிய மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. அண்ணாமலையார் தீர்த்தவாரி ஆடும் ஆறு எங்கள் கூடத்துக்குள் வந்தது. முழங்கால் அளவு. அரிசி மூட்டை, பீரோவின் கீழ்த்தட்டு, நான் வேலை பார்த்த காலத்துக் குறிப்பேடுகள் எல்லாம் போயின. தொட்டி மட்டும் இரண்டரை அடி உயரத்தில் நின்றது. கீழே பழுப்பு நிற ஆறு, மேலே ஒரு சாண் இடைவெளியில் தெளிந்த கடல். நடுவே கண்ணாடி.

மின்சாரம் ஏற்கெனவே போய்விட்டது. இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கியது. அதன்பின் மோட்டார் நின்றது. மோட்டார் நின்றால் நீரில் காற்று கலக்காது. மீன் மட்டுமல்ல, பாறையிலுள்ள பாக்டீரியாக்களும் மூச்சு முட்டிச் சாகும், அப்புறம் தொட்டியே அழுகும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் சில நூறு ரூபாய்தான். வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வாங்காமல் விட்டிருந்தேன். கோமாளி மீன் இரண்டும் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அப்போது நினைவுக்கு வந்தவர் அந்த லண்டன் அம்மையார்தான். பிளாஸ்டிக் மக்கை எடுத்தேன். தொட்டியிலிருந்து மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினேன். திரும்ப மொண்டேன், ஊற்றினேன். கை ஓய்ந்தபோது என் மகன் வாங்கிக் கொண்டான். அவனுக்குப் பின் வீட்டம்மா. ராத்திரி முழுக்க, கட்டில் மேல் ஏறி நின்று, அரிக்கேன் வெளிச்சத்தில், முறை வைத்து ஆற்றினோம். "நம்ம சோறு தண்ணிக்கே வழியில்ல, இதுக்கு என்னங்க" என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. விடிந்ததும் மொட்டை மாடி வழியாகப் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்து, கேட்காமலே மக்கை வாங்கிக் கொண்டார்கள். என்னிடம் படித்தவர்கள்தான். முப்பது மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. நத்தைகளும் ஒரு இறாலும் போய்விட்டன. கோமாளி ஜோடி பிழைத்தது. பாறையும் பிழைத்தது.

அந்த ராத்திரியில் மக்கைப் பிடித்தபடி எனக்கு ஒரு கணக்கு ஓடிக் கொண்டே இருந்தது. 190 லிட்டர் கடலை முப்பது மணி நேரம் காப்பாற்ற ஐந்து பேர் வேண்டியிருந்தது. அத்தனை கஷ்டப்பட்டு நாங்கள் செய்ததைத்தான் மன்னார் வளைகுடாவில் அலையும் பாரும் பாசியும் கூலி இல்லாமல், விடுமுறை இல்லாமல் செய்து கொண்டிருக்கின்றன. அங்கே சூடு ஒரு டிகிரி கூடினால் மின்விசிறி வைக்க ஆள் கிடையாது. அங்கிருந்து ஒரு துண்டை உடைத்து எடுக்க எனக்கு ஐந்து ரூபாய்தான் ஆயிற்று. அதைத் திருப்பிக் கட்ட எத்தனை பேர், எத்தனை வருஷம்!

தம்பி தங்கைகளே, தொட்டி வையுங்கள் என்று உங்களை வற்புறுத்த நான் வரவில்லை. வைத்தால் தெரிந்து வையுங்கள். செலவு உண்டு, மின்சாரக் கட்டணம் உண்டு, ஊருக்குப் போக முடியாத சங்கடம் உண்டு. வைக்காவிட்டாலும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ராமேஸ்வரமோ அந்தமானோ போனால், கடையில் வெள்ளைக் கல்லை யாராவது நீட்டினால், கையைப் பின்னால் கட்டிக் கொள்ளுங்கள். என் வகுப்புத் தோழர்களே, 1983-ல் நாம் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கினோம். உங்கள் வீட்டு ஷோகேஸிலும் அது இருக்கும். நான் செய்ததை நீங்களும் செய்யுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். செய்து முடித்தபின் நன்றாகத் தூக்கம் வரும்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் கடல் உயிரியல் படிக்கப் போனாள். சென்ற வருஷம் ஒருநாள் போன் செய்தாள். "சார், இன்னிக்கு மொத தடவையா கடலுக்குள்ள எறங்கிப் பார்த்தேன். உயிரோட எப்படி இருக்கும்னு கேட்டேன் இல்ல, இப்ப நான் சொல்றேன், கேளுங்க" என்றாள். அரை மணி நேரம் சொன்னாள். நான் ஒரு மாணவனைப் போலக் கேட்டுக் கொண்டிருந்தேன்.

முன் வரிசையில் இருக்கும் எங்கள் பேராசிரியர் அவர்களே, நாற்பது வருஷத்துக்கு முன் ரயிலில் நீங்கள் நடத்திய பாடத்துக்கு இன்றைக்குத்தான் விடைத்தாள் கொடுக்கிறேன். தாமதத்தை மன்னித்து, போட வேண்டிய மார்க்கைப் போடுங்கள்.

அடுத்த தை ஐந்தாம் தேதி ஆற்றுத் திருவிழாவுக்கு எல்லோரும் எங்கள் ஊருக்கு வாருங்கள். சாமியைத் தரிசித்துவிட்டு அப்படியே என் வீட்டுக்கும் வரலாம். காபி உண்டு, கடலும் உண்டு.